குந்தவையும் நந்தினியும் காதலைத் தாண்டி வாழும் கதைகள் எங்கே கிடைக்கும்?

பொன்னியின் செல்வனைப் படித்து முடித்த கையோடு குந்தவை, நந்தினி, பூங்குழலி ஆகியோரைப் பற்றிய ஃபேன் ஃபிக்ஷன் (ஏற்கெனவே உள்ள கதையின் பாத்திரங்களை வைத்து வாசகர்கள் எழுதும்) கதைகளைத் தேடியதாகவும், கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வந்தியத்தேவனும் குந்தவையும் பேசிக்கொள்ளும் காதல் காட்சிகளாகவே இருந்ததாகவும் எழுதி, பெண்களை மையமாக வைத்து எழுதும் நல்ல எழுத்தாளர்களின் பெயர்களைக் கேட்டிருக்கிறீர்கள். தமிழில் கிடைத்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில், கதாநாயகி உள்ள கதைகளுக்கு உங்களுக்குப் பஞ்சமில்லை. மூலநூல் பாதியில் விட்டுச்சென்ற ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு, அவள் யாரை மணந்தாள் என்பதோடு நின்றுவிடாமல், அவள் எதை அஞ்சினாள், எதைத் தானே முடிவு செய்தாள், இன்னொரு பெண்ணிடம் என்ன பேசினாள் என்று எழுதத் துணிந்தவர்கள் யார் என்பதே உங்கள் உண்மையான கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

கல்லூரியில் காப்பிய இலக்கியம் கற்பிப்பது என் தொழில். ஃபேன் ஃபிக்ஷன் வாசிப்பது நெடுநாளைய பழக்கம். இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்று சக ஆசிரியர்கள் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் புனைபெயரில் எழுதுகிறவர்களின் பெயர்களை இங்கே தரப்போவதில்லை. அவர்களில் பலர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் எழுதுகிறவர்கள். தங்கள் பக்கத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் கதைகளையே நீக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆகவே அச்சில் வந்தவர்களைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறேன். இணையத்தில் எழுதுகிறவர்களை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

என் முதல் பரிந்துரை உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. பள்ளியில் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று என்று மனப்பாடம் செய்துவிட்டு மூடிவைத்த நூலாக அதைப் பார்க்காதீர்கள். இன்னொரு கதையின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, அந்தக் கதை முடிந்த இடத்துக்குப் பின்னே என்ன நடந்தது என்று கேட்கும் நூல் அது. கோவலனும் கண்ணகியும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர்கள் மாதவி, அவள் தாய் சித்திராபதி, மகள் மணிமேகலை, தோழி சுதமதி என ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். இந்திர விழாவில் ஆட வரவில்லையே என்று ஊர் பேசும்போது, மாதவி தன் வயிற்றில் பிறந்தவளைத் தன் மகள் என்று சொல்லாமல், அரசனின் பேரூருக்குத் தீயிட்ட மாபெரும் பத்தினியின் மகள் மணிமேகலை என்று சொல்கிறாள். கணவன் ஒருவனைப் பங்கிட்டுக்கொண்ட இரு பெண்களுக்கு இடையே சிலப்பதிகாரத்தில் நேரடிப் பேச்சே கிடையாது. அந்த உறவை ஒரே வாக்கியத்தில் வேறொன்றாக மாற்றிவிடுகிறார் சாத்தனார்.

அவர் அதோடு நிற்கவில்லை. வஞ்சி நகரில் கண்ணகியின் படிமத்துக்கு முன் மணிமேகலை நின்று, ஏன் அப்படிச் செய்தாய் என்று அழுது கேட்கிறாள். கண்ணகியும் பதில் சொல்கிறாள். மதுராபதி தெய்வம் முற்பிறப்பின் வினையை எடுத்துச் சொல்லியும் தன் சினம் அடங்கவில்லை என்றும், நகரை எரித்த பாவம் தன்னை ஒருநாள் வந்தடையாமல் போகாது என்றும் அவள் ஒப்புக்கொள்கிறாள். மூலக்கதையில் சந்தித்தே இராத இருவரைச் சந்திக்க வைத்து, முதல் நூல் கொண்டாடிய செயலை அதைச் செய்தவளின் வாயாலேயே எடைபோட வைப்பது இன்றைய நல்ல ஃபேன் ஃபிக்ஷன் எழுத்தாளர் எவரும் பெருமைப்படக்கூடிய காட்சி. காதலைக் கையாளும் விதத்திலும் சாத்தனார் நேர்மையானவர். இளவரசன் உதயகுமரனைக் கண்டதும் தன் நெஞ்சம் அவன் பின்னே போயிற்று என்று மணிமேகலை தோழியிடம் சொல்லிவிடுகிறாள். அவள் துறவு உணர்ச்சி இல்லாதவளின் துறவு அன்று. உதயகுமரன் கொலையுண்ட பிறகு அவன் தாயான அரசி அவளைச் சிறையிலிட்டு வதைக்க முயல்கிறாள். காப்பியத்தின் மிகக் கூர்மையான பேச்சு அந்த இரு பெண்களுக்கு இடையேதான் நிகழ்கிறது. நீங்கள் கேட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நேரடியாகச் செய்யுளில் இறங்கத் தயக்கமாக இருந்தால் உரையுடன் கூடிய பதிப்பை எடுங்கள்; கடைசிப் பகுதியில் வரும் சமயக் கணக்கர் வாதங்களை முதல் வாசிப்பில் தாண்டிப் போவதில் குற்றமில்லை.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மணிமேகலையின் கதைமாந்தர்கள் சிலப்பதிகாரத்தின் கதைமாந்தர்களே என்பதிலும், மரபு இவ்விரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்று சேர்த்தே பேசுகிறது என்பதிலும் ஐயமில்லை. எது முதலில் எழுதப்பட்டது, இரண்டுக்கும் இடையே எத்தனை காலம் கடந்தது, இளங்கோவும் சாத்தனாரும் பதிகம் சொல்வதுபோல் நண்பர்களாக ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா என்பவற்றில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆகவே இதைத் தமிழின் முதல் ஃபேன் ஃபிக்ஷன் என்று யாராவது அடித்துச் சொன்னால், நயமான பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நவீனத் தமிழில் இந்த வழியின் தலைவாசல் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்', 1943-இல் வெளிவந்த சிறுகதை. கல்லாயிருந்த அகலிகை பெண்ணான பிறகு எப்படி வாழ்ந்தாள் என்பதை இராமாயணம் விட்டுவிடுகிறது. புதுமைப்பித்தன் அங்கிருந்துதான் தொடங்குகிறார். அவளுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே வேறொரு பொருள் இருக்குமோ என்ற நடுக்கம் போகவில்லை. வனவாசம் முடிந்து வந்த சீதை தீக்குளித்ததைச் சொன்னபோது, அகலிகை திகைத்துப்போய்க் கேட்கும் கேள்விதான் கதையின் உயிர். அந்த உரையாடலின்போது இராமனும் கோதமனும் அருகில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெண்களை மையமாகக் கொண்ட கதை என்று எதைச் சொல்கிறேன் என்று என் மாணவர்கள் கேட்டால், விளக்கம் சொல்லாமல் இந்தக் கதையைப் படிக்கச் சொல்லிவிடுவேன்.

அடுத்து அம்பையின் 'அடவி'. 'காட்டில் ஒரு மான்' தொகுப்பில் உள்ளது. தனியாகக் காட்டுக்குப் போகும் செந்திரு என்ற பெண் தன் சீதையைத் தானே எழுதுகிறாள். அந்தச் சீதையின் வாழ்க்கை இராமனோடு முடிந்துபோவதில்லை, இராவணன் அவளுக்கு வீணை கற்றுத்தரும் இடம்வரை நீள்கிறது. கதைக்குள் ஒருத்தி மறுகதை எழுதுகிறாள் என்பதால், ஏன் பெண்கள் பழைய கதையைத் திரும்ப எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. முதல் வாசிப்பில் சற்று மெதுவாகத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

எம்.வி. வெங்கட்ராமின் 'நித்யகன்னி'யை நாவல் வேண்டும் என்பவர்களுக்குச் சொல்வேன். மகாபாரதத்தில் யயாதியின் மகள் மாதவிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒரு கிளைக்கதை மட்டுமே. குருதட்சிணையாகக் காலவன் தரவேண்டிய எண்ணூறு குதிரைகளுக்காக அவள் அரசர் மூவருக்கும், இறுதியில் குருவான விசுவாமித்திரருக்கும் தரப்படுகிறாள். ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் கன்னிமை திரும்பும் என்பது அவள் பெற்ற வரம். அந்த வரமே ஆண்களுக்கு வசதியாகிப்போவதை வெங்கட்ராம் விடாமல் தொடர்ந்து காட்டுகிறார். எழுதியவர் ஆண் என்பதால் சிலர் தயங்குவார்கள். நான் தயங்கமாட்டேன், ஆனால் இதையும் 'அடவி'யையும் அடுத்தடுத்துப் படித்தால் பார்வை எங்கே வேறுபடுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

பிறமொழிகளில் நான் முதலில் கைகாட்டுவது தெலுங்கு எழுத்தாளர் வோல்காவின் 'விமுக்த' தொகுப்பு. 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நூலைக் கௌரி கிருபானந்தன் 'மீட்சி' என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். சீதை சூர்ப்பணகையையும் அகலிகையையும் ரேணுகையையும் ஊர்மிளையையும் ஒவ்வொருவராகச் சந்திக்கிறாள். மூக்கறுபட்ட சூர்ப்பணகை தோட்டம் வளர்த்துக்கொண்டு வாழ்கிறாள் என்ற ஒரு செய்தியைக் கொண்டு அழகு, பழி, இழப்பு எல்லாவற்றையும் பேசிவிடுகிறார் வோல்கா. சில இடங்களில் கதைமாந்தர் கருத்துரை ஆற்றுவதுபோல் தோன்றும். புதுமைப்பித்தனின் அடக்கம் இங்கே இல்லை. ஒடியாவில் பிரதிபா ராய் எழுதிய 'யாக்ஞசேனி' 1984-இல் வந்தது. திரௌபதி கிருஷ்ணனுக்கு எழுதும் கடிதமாக அமைந்த நாவல். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் பதினாறாம் நூற்றாண்டில் வங்காளத்தின் மைமன்சிங் பகுதியில் வாழ்ந்த சந்திராவதி. அவருடைய இராமாயணம் சீதையின் பிறப்பில் தொடங்கி அவள் துயரையே பின்தொடர்கிறது. போரும் வீரமும் ஓரமாக ஒதுங்கிவிடுகின்றன.

இப்போது பொன்னியின் செல்வனுக்கே வருகிறேன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலை முடித்தபோதே வாசகர்கள் பின்கதை கேட்டார்கள். கல்கி முடிவுரையில் சிலவற்றுக்குச் சுருக்கமாக விடை சொன்னார். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் தொடர்ந்து எழுதுவதற்கு இப்போது யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அச்சில் வந்த தொடர்ச்சிகளில் அமுதசுரபியின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. நந்திபுரம் என்பது பழையாறையின் இன்னொரு பெயர்; நாயகி என்பது குந்தவையைக் குறிக்கிறது. கல்கியின் குறும்பும் வேகமும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காமல் படித்தால் நிறைவு தரும். அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' இதே கதையின் இன்னொரு தொடர்ச்சி. அதைப் பெண்மையக் கதை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, கதைமாந்தரை மீண்டும் சந்திக்கும் மகிழ்ச்சிக்காகப் படிக்கலாம்.

இணையத்தில் பொன்னியின் செல்வன் கதைகள் 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படத்தின் இரு பாகங்களும் வந்த பிறகு பெருகின. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் இவற்றில் நல்லதைப் பிரித்தெடுக்க எனக்குச் சில உரைகற்கள் உண்டு. முதலாவது, குந்தவைக்கு வேலை இருக்கிறதா என்று பார்ப்பேன். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை, குந்தவை அப்படியல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் தான் கொடுத்தவற்றுக்கு அடுத்தபடியாக, தன் மனைவியருக்கும் முன்னதாக, 'அக்கன் குடுத்தனவும்' என்று அவளைக் குறிப்பிடுகிறான். தன் பெற்றோருக்குப் படிமம் எடுத்தவள், தந்தையின் பெயரால் அமைந்த ஆதுலர் சாலைக்கு (மருத்துவமனைக்கு) நிலம் கொடுத்தவள், தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் கோயில் எடுப்பித்தவள் என்பவையெல்லாம் கல்வெட்டுகளால் அறியப்படுபவை. வந்தியத்தேவர் அவள் கணவர் என்பதும் கல்வெட்டுச் செய்திதான், ஆனால் அவர்களுக்கிடையே இருந்த காதல் கல்கி தந்தது. இத்தனை நிருவாகம் செய்தவளை மாடத்தில் நின்று பெருமூச்சு விடுபவளாக மட்டும் எழுதுகிறவர் மூலத்தையும் படிக்கவில்லை, வரலாற்றையும் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது உரைகல் நந்தினி. அவளுடைய குற்றங்களைக் கழுவித் துடைத்து, எல்லாரும் சேர்ந்து கெடுத்த அப்பாவியாக ஆக்கிவிடும் கதைகள் ஏராளம். அப்படிச் செய்தால் அவள் பழிவாங்கும் சூழ்ச்சியில் இருந்த அறிவுக்கூர்மையும் கூடவே போய்விடுகிறது. வீரபாண்டியனின் தலை விழுந்த இரவிலிருந்து கடம்பூர் மாளிகை வரை அவள் தெரிந்தே எடுத்த முடிவுகளைத் தெரிந்தே எடுத்தவையாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் அவளை நம்மால் வெறுக்க முடியாதபடி எழுதுகிறவரே என் கணக்கில் சிறந்தவர். மூன்றாவதாக, கல்கி குறைவாகவே தொட்ட பெண்களை யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஊமை ராணி மந்தாகினி உரையாடலே இல்லாமல் எழுதப்பட வேண்டியவள். அந்தச் சவாலை ஏற்ற கதைகள் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. செம்பியன் மாதேவி தான் மகனாக வளர்த்தவனுக்கு அரியணை வேண்டாம் என்று நிற்கிறாள். அந்த நிலைப்பாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று எழுத ஒரு நாவலுக்கே இடமிருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் இறந்துபோகும் மணிமேகலையை (காப்பியத்தின் மணிமேகலை அல்ல, கல்கியின் பாத்திரம்) உயிரோடு வைத்திருந்து அவளுக்கு வேறு வாழ்க்கை தரும் கதைகளையும் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் அச்சில் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஜேன் அயர்' நாவலில் மாடியறையில் அடைத்துவைக்கப்பட்ட மனைவிக்கு முழு வாழ்க்கை கொடுத்த ஜீன் ரைஸின் 'வைட் சர்காசோ சீ' 1966-இல் வெளியானது. டொமினிக்காவில் பிறந்தவர் என்பதால் கரீபியப் பெண்ணான அந்த மனைவியை அவரால் உள்ளிருந்து எழுத முடிந்தது. உர்சுலா லெ குவின் 2008-இல் எழுதிய 'லவினியா', ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காப்பியத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத இளவரசியைக் கதைசொல்லி ஆக்குகிறது. மார்கரெட் அட்வுட்டின் 'பெனலோபியாட்' கிரேக்கக் காப்பிய நாயகன் ஓடிசியூஸின் மனைவியோடு, தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களையும் பேச வைக்கிறது. மூன்றில் ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 'லவினியா'வை எடுங்கள். இது முழுக்க என் விருப்பம், 'வைட் சர்காசோ சீ'தான் மேல் என்று வாதிடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

காதல் கதைகளே அதிகம் கிடைக்கின்றன என்ற உங்கள் மனக்குறைக்குப் பின்னே ஒரு பழைய கதையும் இருக்கிறது. ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரைச் சுற்றி அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய ரசிகர் சிற்றிதழ்களில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1973-இல் பவுலா ஸ்மித் என்பவர் அப்படியொரு இதழில், எல்லாத் திறமைகளும் உடைய, எல்லாரும் விரும்புகிற, கடைசியில் எல்லாரும் அழ இறந்துபோகிற மேரி சூ என்ற பதினைந்தரை வயதுப் பெண்ணை வைத்து ஒரு நையாண்டிக் கதை எழுதினார். நையாண்டி நியாயமானதே. ஆனால் அந்தப் பெயர் பிறகு வசைச்சொல்லாகி, திறமையுள்ள பெண்ணை நடுவில் வைத்த எந்தக் கதை மீதும் எறியப்பட்டது. அதற்கு அஞ்சியே பலர் ஆண் பாத்திரங்களை எழுதப் போனார்கள் என்று ரசிகர் வட்டத்தில் பேசப்படுவதுண்டு. அது எந்த அளவுக்குக் காரணம், மூலக்கதைகளிலேயே நடுவில் நிற்பவர்கள் ஆண்களாக இருந்தது எந்த அளவுக்குக் காரணம் என்று பிரித்தறிவது கடினம். இன்றும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ஃபேன் ஃபிக்ஷன் தளத்தில் மிகப்பெரிய பிரிவு ஆண்களுக்கிடையிலான காதல் கதைகளே.

2009 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அந்தத் தளம் இலாப நோக்கற்றது, தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. 2019-இல் அறிபுனைவுக்கான ஹியூகோ விருதும் பெற்றது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் உள்ள அங்கே தேடத் தெரியாமல் நுழைந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். உங்களுக்குப் பிடித்த மூலநூலைத் தேர்ந்து, வடிகட்டியில் 'ஜென்' என்ற பிரிவை மட்டும் குறியிடுங்கள். காதல் மையமாக இல்லாத கதைகள் அதில்தான் வரும். பெண்களுக்கிடையிலான காதல் கதைகள் வேண்டுமானால் 'எஃப்/எஃப்' தனிப் பிரிவு. பாத்திரங்கள் பகுதியில் குறைந்தது இரண்டு பெண்களின் பெயர்களைச் சேர்த்தால், ஒருத்தியைச் சுற்றி ஆண்கள் மட்டும் நிற்கும் கதைகள் பெருமளவு விலகிவிடும். வரிசைப்படுத்தும்போது குடோஸ் (வாசகர் பாராட்டுக் குறி) எண்ணிக்கையை நம்பாதீர்கள். அது புகழ்பெற்ற ஜோடிகளுக்கே குவியும். புக்மார்க் எண்ணிக்கையைப் பாருங்கள், அதைவிடவும் முக்கியமாக, உங்களுக்குப் பிடித்த ஒரு கதையை யாரெல்லாம் புக்மார்க் செய்து குறிப்பும் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ரசனையோடு ஒத்துப்போகும் ஒரு வாசகரைக் கண்டுபிடித்துவிட்டால், எழுத்தாளர்களின் பெயர்களை என்னிடம் கேட்க வேண்டிய தேவையே இராது. 2003 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் யூல்டைட் என்ற கதைப் பரிமாற்றம் இன்னொரு நல்ல வாசல். அதிகம் எழுதப்படாத மூலங்களுக்கு மட்டுமே அதில் இடம் என்பதால், புராணங்களிலும் பழங்காப்பியங்களிலும் ஓரமாக நிற்கும் பெண்களைப் பற்றிய கதைகள் அதில் அடிக்கடி வரும்.

தமிழில் மட்டுமே வேண்டும் என்றால் அந்தத் தளத்தில் கிடைப்பவை மிகச் சொற்பம். வாட்பேடிலும் பிரதிலிபியிலும் தமிழில் எழுதுகிறவர்கள் நிறைய. ஆனால் அங்கே பெருவாரியாக உள்ளவை குடும்பத் தொடர்கதைகளும், தொலைக்காட்சித் தொடர்களின் நாயகன் நாயகியை வைத்து எழுதப்படும் கதைகளும்தான். அந்தத் தொடர்களை நான் பார்ப்பதில்லை என்பதால் அவற்றில் எது நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறவர் யாராவது இங்கே இருந்தால், பெண்களின் நட்பையோ தாய் மகள் உறவையோ நடுவில் வைத்த இரண்டு மூன்று கதைகளின் தலைப்புகளைச் சேர்த்துவிடுங்கள், நானும் படித்துப் பார்க்கிறேன்.